இந்தத் தடவை நிஜம்

'அப்பா இறந்துவிட்டார்' என்று அவன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தட்டி அனுப்பியதும், பெரியப்பா மகன் விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மையைப் போட்டான். சித்தி, 'இந்தத் தடவையாவது டாக்டரைக் கேட்டியாப்பா?' என்றாள். அவன் 'சத்தியமாக' என்று சேர்த்துப் பார்த்தான். பொய் இன்னும் கூடியதுபோல் இருந்தது. அழித்தான்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அப்பாவின் மார்பிலிருந்து ஒயர் கழன்று, திரையில் கோடு நேராகப் படுத்தது. நர்ஸ் வருவதற்குள் அவன் செய்தியை அனுப்பிவிட்டான். நர்ஸ் ஒயரை மாட்டினாள். அப்பா கொட்டாவி விட்டார். அதற்குள் செய்தி ஊரெல்லாம் சுற்றியிருந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தனக்கு வந்த இரங்கல்களை ஒன்றுவிடாமல் படித்து, நன்றாக எழுதியவர்களுக்கு இதயம் போட்டார்.

"இதுக்கெல்லாம் கவர்மென்ட் சட்டம் போட்டா, மொத கேஸ் நீதான்டா."

"சட்டம் எதுக்குப்பா? எது பொய், எது நிஜம்னு ஜனங்களே பிரிச்சுப் பார்த்துக்குவாங்க."

இதையே கல்லூரிப் பேச்சுப் போட்டியில் சொல்லிக் கோப்பை வாங்கியவன் அவன். அந்தக் கோப்பையில்தான் அப்பாவின் மாத்திரைகள் இருந்தன. இன்னும் மிச்சம் இருந்தன.

அத்தைக்கு மட்டும் போன மாதத்துச் செய்தி வேடிக்கையாக இல்லை. தம்பி போய்விட்டான் என்று ரயில் முழுக்க அழுதுகொண்டு வந்தவள், இறங்கும் அவசரத்தில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். நொண்டி நொண்டி வந்து பார்த்தால், தம்பி கட்டிலில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார்.

"அத்தைகிட்ட பேசினியா?" என்றாள், இப்போது அப்பாவின் உடலருகே உட்கார்ந்திருந்த அம்மா. "மதிய வண்டிய விட்டா அவங்களால அப்பா முகத்தைப் பார்க்க முடியாதுடா."

கூப்பிட்டான்.

"சொல்லு மருமகனே, இன்னைக்கு யாரு செத்தது?"

"அத்தை, நிஜமாவே அத்தை. காலையில, தூக்கத்துலயே..."

"போன தடவையும் நிஜம்னுதான் போட்டே."

"டாக்டர் வந்து பார்த்துட்டாரு."

"டாக்டர் வேஷத்துக்கும் ஆள் பிடிச்சிட்டியா?"

அத்தை பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாகிட்ட குடுக்கட்டுமா?"

"அவ உனக்குத்தான் பரிஞ்சு பேசுவா. என் தம்பிகிட்ட குடு. அவன் குரலைக் கேட்டாத்தான் நம்புவேன்." மறுபடியும், "குடுடா" என்றாள். அதில் கிண்டல் இல்லை.

அவன் சொல்ல வாயெடுத்தான். பிறகு அப்பாவின் பக்கத்தில் மண்டியிட்டு, போர்வையைக் கொஞ்சம் இறக்கி, போனை அவர் காதில் வைத்தான்.

"டேய்," என்றது போன். "போதும்டா விளையாட்டு. ஒரு வார்த்தை பேசு."

அம்மா எழுந்து போய், கடகடத்துக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினாள்.