சற்குணம் போட்ட கூரை

1

இந்தக் கதை ஒரு கோழைத்தனத்திலிருந்து பிறந்தது. என்னுடையது. வேறு காரணங்கள் சொல்லிப் பார்த்தேன். வாக்கியங்கள் நிற்கவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. நான் எழுதுவதையெல்லாம் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுவேன். அவருடைய கண்ணுக்கு இப்போது எழுத்துப் பிடிபடுவதில்லை. இந்தக் கதையில் அவர் வருகிறார்; தலைப்பில் உள்ள சற்குணம் அவர்தான்.

2

முதல் தொடக்கம்: “நோர்வேயின் லோறென்ஸ்கூக்கில் இலைகள் உதிரத் தொடங்கிய ஒரு...” [வேண்டாம்.]

இரண்டாவது: “வீடு இழந்த இரு இனங்கள் ஒரே வளவுக்குள்...” [இது மேடைப் பேச்சு.]

மூன்றாவது: எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு விடுகிறோம். இரண்டு வருடங்களுக்கு முன், அக்டோபரில், மான்செஸ்டரிலிருந்து ஆரோன் என்ற யூதர் பத்து நாள் தங்க வந்தார். அவருடைய மகள் டெபொரா பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிறாள். நோர்வேஜியரை மணந்தவள். எட்டு வருடங்களாக அவர் மகள் வீட்டில் சாப்பிட்டதில்லை. அவளுடைய சமையலறை அவருடைய மத உணவு முறைக்கு ஒத்ததல்ல.

அது அவர்களுடைய அறுவடைப் பண்டிகை. வெளியே கொட்டில் போட்டு அதற்குள் உண்ண வேண்டும். இரண்டாம் நாள் மதியம் வந்து தன்னோடு சாப்பிட டெபொரா சம்மதித்திருந்தாள். அதற்காகவே அவர் கடல் தாண்டி வந்தார்.

3

அப்பா பலகை கொடுத்தார். இருவருமாகச் சுவர் அடித்தார்கள். கூரைக்கு வெட்டிய ஊசியிலைக் கிளைகள்.

“இடைவெளியில் வானம் தெரிய வேண்டும்,” என்று ஆரோன் ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார்.

[அந்த ஒரு வரியை நான் அப்பாவுக்குச் சொல்லவில்லை. ஏழு வயதிலிருந்து அவருக்கு மொழிபெயர்க்கிறேன். வரி அலுவலகம், வைத்தியர், வங்கி. அன்று அலுப்பு.]

பண்டிகையின் முதல் நாள் பின்னேரம் வானம் இருண்டது. ஆரோன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அப்பா ஏணியில் நின்றார்.

“என்னப்பா செய்யிறியள்?”

“மழை வரப்போகுது பிள்ளை. மனிசன் நனையப்போகுது.”

“அவரைக் கேட்டனியளோ?”

“நனையப்போறியளோ எண்டு கேக்கிறதே? வானம் தெரியிற கூரை ஒரு கூரையே! நான் எத்தினை கொட்டில் போட்டனான்.”

மழை புகாத நீலத் தறப்பாள் விரிப்பு. நான்கு பக்கமும் ஆணி. சுத்தமான வேலை.

[இங்கே போர்க்கால இடப்பெயர்வு பற்றி ஒரு பத்தி இருந்தது. தறப்பாளின் கீழ் அவர் கழித்த மாதங்கள். நல்ல பத்தி. அது அவரை மன்னித்தது, கூடவே என்னையும். எடுத்துவிட்டேன்.]

4

ஆரோன் வெளியே வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

“சேர், நோ றெயின்!” என்றார் அப்பா.

ஆரோன் அவருடைய கையைப் பிடித்து நன்றி சொன்னார். பிறகு என்னிடம், “இப்போது வானம் தெரியவில்லை,” என்றார். சற்றுப் பொறுத்து அதையே மறுபடியும் சொன்னார். உள்ளே போனார்.

கைபேசியில் தேடினேன். மேலே தறப்பாள் இருந்தால் அது அவர்களுக்குக் கூரை ஆகாது. பண்டிகை நாளில் அவர் ஆணி பிடுங்கக் கூடாது. பிடுங்கச் சொல்லிப் பிறரைக் கேட்கவும் கூடாது. குறிப்பால் உணர்த்தலாம். அவர் உணர்த்திவிட்டார்.

ஏணி அங்கேயே இருந்தது. அப்பா யன்னலில் தேநீரோடு நின்று தன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு படி ஏறினேன்.

“என்ன பிள்ளை, இறுக்கம் காணாதோ?”

“காணுமப்பா. போதும்.”

இறங்கினேன்.

[அவருடைய மகிழ்ச்சியைக் கெடுக்க மனமில்லை என்று எழுதினால் அது அன்பாகிவிடும். அது அன்பில்லை. ஏறினால் விளக்கம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.]

5

மறுநாள் மதியம் டெபொரா குழந்தை வண்டியோடு வந்தாள். பண்டிகை நாளில் அவர் தொலைபேசியைத் தொடுவதில்லை. முன்கூட்டிச் சொல்ல வழி இருக்கவில்லை. எங்கள் சமையலறை யன்னல் திறந்திருந்தது; பேசியது கேட்டது.

“உள்ளே உட்கார முடியாது. கூரை சரியில்லை,” என்றார் ஆரோன்.

“முதலில் என் சட்டி சரியில்லை. பிறகு என் கணவன். இப்போது கூரையா?”

அவள் சிரித்தாள். யார் போட்ட தறப்பாள் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவுமில்லை. அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள்.

“மனிசன் மகளோட கோவமே?” என்று அப்பா கேட்டார்.

“தெரியாது.”

இரண்டு நாள் கழித்து ஆரோன் ஊர் திரும்பினார். பண்டிகை முடிந்திருக்கவில்லை.

6

வேறு முடிவுகள்:

நான் தறப்பாளைப் பிடுங்கினேன். [பொய்.]

டெபொரா அடுத்த நாள் திரும்பி வந்து, அப்பாவும் மகளுமாக... [எனக்குத் தெரியாது. இதை முடிக்க எனக்கு உரிமையில்லை.]

கதையை எழுதாமல் விடுவது. இரண்டு வருடங்கள் அதைத்தான் செய்தேன். ஆனால் அப்பா கோயிலில் காண்கிறவர்களிடமெல்லாம், “யூத மனிசனுக்கு நான்தான் கூரை போட்டுக் குடுத்தனான்,” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். நானும் ஆட்டுகிறேன். போன கிழமை புதிய தறப்பாள் வாங்கி வந்தார்.

“இந்த வருசம் அந்த மனிசன் வந்தா உதவும். நீ ஒருக்காக் கடிதம் போட்டுக் கேள்.”

7

இப்போது கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

“ஆரைப் பற்றி எழுதுறாய்?”

“கீழை இருந்த ஆரோன்.”

“அட! அப்ப நானும் வாறனோ?”

“ஓம்.”

“கூரை போட்டதை எழுதினனியோ?”

“எழுதினனான்.”

“வடிவா எழுதினனியோ?”

நான் முதல் பக்கத்துக்குத் திரும்பினேன்.

“சரி, வாசி.”

முதல் பகுதியைத் தாண்டிவிட்டுத் தொடங்கினேன். அடைப்புக்குறிகளையும் விட்டுவிட்டேன். ஏணியில் நின்று பேசும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். அதைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். நான்காம் பகுதி வருகிறது. நீங்கள் எல்லாவற்றையும் வாசித்தவர்கள். நான் எந்த வரியில் நிறுத்தட்டும்?