பிளம்பர் உருவிய பக்கங்கள்

அடைத்துக்கொண்ட கக்கூஸ் குழாய்க்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோதுதான் மகளிடமிருந்து போன் வந்தது. பிளம்பர் இடது கையால் எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார்.

"அப்பா, விசா ஆபீஸ்லேர்ந்து லெட்டர் வந்திருக்கு. நாப்பத்தொண்ணுலேர்ந்து அம்பத்திரண்டு வரைக்கும் பக்கத்தைக் காணோமாம். எதை மறைக்கறீங்கன்னு கேக்கறாங்க. ஏழு நாள்ல குடுக்கலேன்னா தள்ளுபடியாம்ப்பா."

"ம்."

"மொழிபெயர்த்துக் குடுத்த அந்த சீல்காரன்தான் தொலைச்சிருப்பான். சாயங்காலம் போய் உண்டு இல்லேன்னு பண்ணிடறேன் அவனை."

போன் வைக்கப்பட்ட பிறகும் குழாய்க்குள் போன கை அப்படியே நின்றது. அந்தப் பன்னிரண்டு பக்கங்களும் அவர் காலடியில்தான் இருந்தன. கருவிப் பையின் அடியில், குழாய்க் குறடுக்குக் கீழே, பாலிதீன் உறைக்குள்.

நாற்பது வருஷமாக அடுத்தவன் வீட்டு மலத்தில் கை வைத்தவர் அவர். ஒரு நாளும் குமட்டியதில்லை. சோப்புப் போட்டால் போகிற சமாச்சாரம் அது. இந்த விசா சமாச்சாரம் சோப்புக்குப் போகவில்லை. கல்யாணமான இருபத்தொன்றாம் நாள் மருமகன் வேலைக்கு வெளிநாடு போனான். பெண்டாட்டியை அழைத்துக்கொள்ளலாம் என்று அந்த ஊர்ச் சட்டமே சொல்கிறது. சரி, அழைத்துக்கொள் என்றால், கல்யாணம் நிஜம்தானா என்று நிரூபிக்க வேண்டுமாம். பதிவுச் சான்று போதாதாம். போட்டோ போதாதாம். புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு வருஷமாகப் போனில் அனுப்பிக்கொண்டதையெல்லாம் அச்சடித்துத் தர வேண்டுமாம். எவனோ ஒருத்தன் மேசை போட்டு உட்கார்ந்து அதைப் படித்துவிட்டு, ஆமாம், இது குடும்பம்தான் என்று ஒப்புக்கொள்வானாம். தூ! ஒழுங்காக வாசல் வழியே வருகிறவனைத்தான் துணியை அவிழ்த்துக் காட்டச் சொல்கிறார்கள்.

மகளுக்கு மருந்துக்கடையில் லீவு கிடைக்கவில்லை. பக்கத்துக்குப் பக்கம் நீல மையில் எண் போட்டு, காகிதக் கட்டை இவரிடம்தான் கொடுத்தாள். அந்த நாட்டுப் பாஷையில் எழுதி முத்திரை குத்தித் தருகிற சீல்காரரிடம் சேர்க்க வேண்டும். "படிக்காதீங்கப்பா" என்றாள். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் படித்திருக்கவே மாட்டார். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினார். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். தூங்கினாயா, இல்லை. நாற்பது பக்கம் இதே பாட்டு. நாற்பத்தொன்றிலிருந்து பாட்டு மாறியது. முத்தம், அழுகை, அவர் எதிரில் அவள் வாயில் வந்தேயிராத ஒரு வசவு. நடுவில், 'அப்பா தூங்கியாச்சா?' என்று அவன். 'குறட்டை கேக்குது, நீ சொல்லு' என்று இவள். சுவருக்கு இந்தப் பக்கம் மல்லாந்து கிடந்த தன்னையும் சேர்த்தல்லவா எவனோ படிக்கப் போகிறான்! பன்னிரண்டு பக்கங்களை உருவினார். குப்பைத் தொட்டி வரை போனார். கிழிக்கக் கை வரவில்லை.

இப்போது வேறு பிரதியும் இல்லை. மருமகன் போனை மாற்றிவிட்டான். மகளுடைய பழைய போன் வாளித் தண்ணீரில் விழுந்து செத்தது.

சாயங்காலம் சீல்காரர் கடைக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது மகள் முந்திக்கொண்டிருந்தாள். வரிசையில் நான்கைந்து பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யோவ், என் வாழ்க்கைய்யா அது! எங்கய்யா போட்ட?"

"எனக்கு எதுக்கும்மா உன் வாழ்க்கை? எங்கிட்ட ஒண்ணு இருக்கு, அதுக்கே வழியக் காணோம்" என்றார் சீல்காரர்.

பிளம்பர் பையைத் திறந்து உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். காகிதத்தில் குழாய்ப் பசை நாற்றம் ஏறியிருந்தது. மகள் எண்களைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"படிச்சீங்களா?"

"எழுத்துக் கூட்டித்தாம்மா."

அவள் கத்துவாள் என்று நினைத்தார். கத்தியிருந்தால் தேவலை. "மத்ததெல்லாம் சும்மாப்பா" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "இந்தப் பன்னண்டு பக்கத்துலதான் நாங்க குடும்பம் நடத்தியிருக்கோம்." வெளியே போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள்.

சீல்காரர் கண்ணாடியை மாட்டிப் புரட்டினார். "அடடா, பெரியவரே, அவங்க மொதல்ல தேடுறதே இதத்தான். சண்டையும் கொஞ்சலும் இல்லேன்னா டூப்புன்னு சொல்லிடுவான். கரெக்டா பாத்து உருவியிருக்கீங்களே!"

"வேலையப் பாரு தம்பி."

சீல்காரர் வாசித்து வாசித்துத் தட்டச்சு செய்தார். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. மகளின் பேச்சு ஓர் அந்நியன் உதட்டில் நெளிவதைப் பிளம்பர் பார்த்துக்கொண்டே இருந்தார். காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. இடமில்லை, விழுங்கினார்.

முத்திரை விழ விழப் பக்கங்கள் பெஞ்சுக்கு வந்தன. "தமிழ்ல அச்சடிச்சதுலயும் குத்தணும், பெரியவரே. ஈரம் காயட்டும், அடுக்கிடாதீங்க. ஃபேன் காத்துல பறக்காம ஏதாவது வைங்க."

வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டினார்கள். பிளம்பர் பையை அவிழ்த்தார். எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று இப்போது அவருக்கு மனப்பாடம். முத்தத்தின்மேல் குறடு. வசவின்மேல் ஸ்பேனர். அழுகையின்மேல் பித்தளைக் குழாய். ரம்பம், சுத்தியல், டேப்புச் சுருள் என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனார். பதினொன்றோடு பை காலியாகிவிட்டது. மிச்சமிருந்த ஒரு பக்கம் காற்றில் படபடத்தது. அப்பா தூங்கியாச்சா.

அதன்மேல் உள்ளங்கையை விரித்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். மகள் இன்னும் திரும்பவில்லை. கையை எடுத்துப் பார்த்தபோது பாதி முத்திரை ஊதா நிறத்தில் அவர் ரேகைகளுக்குள் இறங்கியிருந்தது. வேட்டியில் தேய்த்தார். போகவில்லை. மறுபடியும் அதே இடத்தில் கையை வைத்தார்.