யூசுப் வண்டியின் ஹெட்

வலது மணிக்கட்டு காலையிலிருந்தே பிடித்துக்கொண்டிருந்தது. டீ கிளாஸைக்கூடக் கஜபதி இடது கையால்தான் தூக்கினான். இரண்டு வாரமாகச் சின்ன கிரைண்டரைப் பிடித்து, ரேஸ் வண்டி என்ஜினின் தலைப்பாகமான ஹெட்டுக்குள் காற்று போகிற வழியைக் குடைந்து குடைந்து அகலப்படுத்தியதில் வந்த வலி அது. கிரைண்டரைக் கீழே வைத்த பிறகும் விரல்களில் அதிர்வு ஓடிக்கொண்டே இருந்தது.

சென்னீர்குப்பத்தில் ஹைவேயை ஒட்டிய தகர ஷெட் அவனுடையது. சோறு போடுவது டெலிவரி ஆட்களின் வண்டிகள்தான். ரேஸ் வண்டி கிருஷ்ணப்பிரியாவுடையது. நூற்றைம்பது சிசி. ஆவடி குவார்ட்டர்ஸ் பெண். அப்பா ஃபேக்டரியில் வெல்டர். ஞாயிற்றுக்கிழமை ரேஸில் முதல் ஆறு இடத்துக்குள் வந்தால், அடுத்த வருடம் ஒரு டீம் வண்டி கொடுத்து ஓட்டச் சொல்லும். வராவிட்டால் வண்டியை விற்றுவிட்டு பேங்க் பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்.

ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சீவிக் கொடுத்தவன் யூசுப். கொரட்டூர்க்காரன், அம்பத்தூர் எஸ்டேட்டில் மில்லிங் மிஷின் ஓட்டுகிறவன். ஹெட்டைக் கொஞ்சம் சீவினால் உள்ளே கலவை இறுகி வண்டி வெறியோடு இழுக்கும். ஒரு மயிரிழை கூடிவிட்டால் சூடு தாங்காது. கஜபதி சொன்ன அளவைச் சீவி, யூசுப்பே கொண்டுவந்து கொடுத்தான். மாட்டி முடித்ததும் அவன்தான் கிண்டினான்.

"இன்னா நைனா, பொட்டு வெக்கலியா? அப்பறம் எதுனா ஆச்சின்னா என் மிஷின் மேல பழி போடுவே."

"வெக்காம எவன் ஸ்டார்ட் பண்ணான்?"

கஜபதி சந்தனத்தைக் குழைத்தான். ரேஸ் வண்டிக்கு ஹெட்லைட் கிடையாது. அந்த இடத்தில் நம்பர்தான் ஒட்டியிருந்தது.

"அண்ணா, நம்பர் மேல வேணாம்" என்றாள் பிரியா. "மறைஞ்சா டிராக்ல நிறுத்திடுவாங்க."

பெட்ரோல் டேங்க்கின் மூடிமேல் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்தான். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி நகர்ந்தது. என்ஜின் போட்ட சத்தத்தில் தகர ஷெட்டே அதிர்ந்தது.

சனிக்கிழமை டிராக்கில் பயிற்சி. முதல் மூன்று ரவுண்டும் பிரியா பறந்தாள். நாலாவதில் வேகம் விழுந்து உள்ளே வந்துவிட்டாள்.

"நல்லா இழுக்குதுண்ணா. அப்புறம் நேர் ரோட்ல மூச்சு அடைச்ச மாதிரி ஆயிடுது."

கஜபதி மூடியைத் திறந்து பார்த்தான். பெட்ரோல் இருந்தது. மூடிவிட்டு ஸ்டார்ட் செய்தால் வண்டி கிண்ணென்று இருந்தது. மறுபடி அனுப்பினான், மறுபடி நாலாவது ரவுண்டில் அதே கதை. பெட்ரோல் கூடுதலாக இறங்கட்டும் என்று கார்புரேட்டரில் பெரிய ஜெட் போட்டுப் பார்த்தான். மாற்றமில்லை. ஹெட்டுக்குப் பக்கத்தில் கையை வைத்தால் அடுப்பு மாதிரி அனல் அடித்தது. யூசுப்புக்குப் போன் போட்டான்.

"எவ்ளோ சீவனே?"

"நீ சொன்ன அளவுதான்."

"அப்ப வண்டி ஏன் இப்டி கொதிக்குது? வாய் பாத்துகினே மிஷின் ஓட்னியா?"

"ஹெட்டு உன் கைலதான கீது. அளந்து பாரு மச்சான்."

"அளக்க இன்னா கீது? பொண்ணு பொழப்பு போவுது இங்க. உன் கை சரியில்லன்னா மொதல்லயே சொல்லிருக்கணும். வேற ஆளுகிட்ட குட்துருப்பேன்."

அளக்க வேண்டுமென்றால் ஹெட்டைக் கழற்ற வேண்டும், துடைக்க வேண்டும், கை நடுங்காமல் கருவியைப் பிடிக்க வேண்டும். மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. கழற்றினான், அளக்கவில்லை.

சாயங்காலம் யூசுப் பஸ்ஸில் ஷெட்டுக்கு வந்தான். துணிப்பையிலிருந்து ஒரு ஹெட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"என் வண்டியோடது. அதே மாடல்தான். உரசாத, சீவாத, கம்பெனில வந்தது வந்தபடி. இத்த போட்டு ஓட்டு. யார் கை சரியில்லன்னு அப்ப தெரியும்."

"நீ எப்டி வேலைக்குப் போவே?"

"பஸ்ஸு கீது."

உட்காரச் சொல்வதற்குள் குமணன்சாவடிப் பக்கம் நடந்துவிட்டான்.

யூசுப்பின் ஹெட்டை மாட்டியதில் ஞாயிற்றுக்கிழமை வண்டியில் பழைய வெறி இல்லை. பிரியாதான் வளைவுக்கு வளைவு ஒவ்வொருவராகத் தாண்டி ஆறாவது இடத்துக்கு வந்தாள். ஐந்தாவது ரவுண்டு, நேர் ரோடு. வண்டி இருமியது. அவள் முறுக்கியதை விடவில்லை. உள்ளே இரும்பு உடைகிற சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற கஜபதிக்கே கேட்டது.

தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு மீட்பு வேனில் வந்து இறங்கினாள்.

"ஆறாவதுல இருந்தேண்ணா" என்றாள். அப்பாவோடு ஆவடிக்குப் போய்விட்டாள்.

வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவந்து, பெட்ரோலை இறக்கக் குழாயைக் கழற்றிக் கேனில் விட்டான் கஜபதி. கொஞ்சம் ஓடியது. நூலாக இளைத்தது. நின்றுவிட்டது. டேங்க்கை ஆட்டிப் பார்த்தான், உள்ளே தளும்பியது. மூடியைத் திருகித் தூக்கியதும் குழாயில் பெட்ரோல் குபுகுபுவென்று கொட்டியது.

மூடியைப் புரட்டிப் பார்த்தான். பெட்ரோல் இறங்க இறங்க டேங்க்குக்குள் காற்று போவதற்கு மூடியின் நடுவில் ஊசி அளவு ஒரு துளை உண்டு. அதற்குள் சந்தனம் இறுகிக் கல்லாகக் கிடந்தது. நேற்று ஒவ்வொரு முறையும் பெட்ரோல் பார்க்கிறேன் என்று மூடியைத் திறந்து, அவனே காற்றை உள்ளே விட்டிருக்கிறான். அதனால்தான் வண்டி மறுபடி மறுபடி நன்றாக ஓடியது. பெட்ரோல் வராமல் வெறும் காற்றைக் குடித்துத்தான் என்ஜின் கொதித்திருக்கிறது.

இப்போது அளந்தான். யூசுப் சீவிய ஹெட், சொன்ன அளவில் அப்படியே இருந்தது. அது பிரியாவின் ஹெட். வண்டியோடு விற்பனைக்குப் போகிறது. யூசுப் கொடுத்ததைக் கழற்றினான். புகை போகிற பக்கத்து வால்வு சூட்டில் உடைந்து, உள்ளே குத்திக் குதறி, ஹெட் நெடுக விரிசல் விட்டிருந்தது. அதை இனி யாரும் எதற்கும் மாட்ட முடியாது.

போன் போட்டான். யூசுப் எடுத்தான்.

"சொல்லு."

"யூசுப்பு, சந்தனம்டா. மூடில நான் வெச்ச சந்தனம். உன் கைல ஒண்ணும் இல்ல."

அந்தப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமில் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"என் ஹெட்டு?"

"ஒட்சிட்டேன்."

"சரி. வேலைல கீறேன்" என்று வைத்துவிட்டான்.

கஜபதி மணிக்கட்டில் தைலத்தைத் தேய்த்துத் துணியைச் சுற்றினான். கொரட்டூரில் யூசுப்பின் வண்டி ஹெட் இல்லாமல் நிற்கிறது. அவனுக்கு ஒரு ஹெட் தர வேண்டும்.