சாதாரண உபயோகத்துக்கு

அந்தச் சத்தத்தை நான் கேட்டேனா இல்லையா என்பது இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. அந்த மார்ச் மாதத்தில், தம்பியின் அறையிலிருந்து ஈரத்துணியால் சுவரைத் தேய்க்கும் சத்தம் வந்ததாக ஒரு ஞாபகம் இருக்கிறது. பிறகு நடந்ததைப் பார்த்துவிட்டு, மனம் பின்னால் சேர்த்துக்கொண்ட சத்தமாகவும் அது இருக்கலாம். கேட்கவில்லை என்றால் நான் செய்தது அறியாமல் செய்தது. கேட்டிருந்தால் அதற்கு வேறு பெயர். ஆறு வருடங்களாக இந்த இரண்டுக்கும் நடுவே நின்றுகொண்டிருக்கிறேன்.

ஜப்பானில், ஹிமேஜி நகரத்தில், லிஃப்ட் இல்லாத பழைய குடியிருப்பு ஒன்றின் நாலாவது மாடியில் எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு நானும் தம்பி ரியோஜியும் மட்டும்தான். அவனுக்கு அப்போது முப்பது வயது. முதல் வேலையை விட்டுவிட்டு வந்தவன் ஏழு வருடங்களாக அறைக்குள்ளேயே இருந்தான். நான் பல் மருத்துவமனைக்கு வேலைக்குப் போன பிறகு வெளியே வந்து குளிப்பான், கதவருகே நான் வைத்துவிட்டுப் போனதைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பான். நான் அவன் முகத்தை முழுதாகப் பார்த்தது அதற்கு மூன்று வருடங்களுக்கு முன், அம்மாவின் இறுதிச் சடங்கில். அன்றுகூட, ஒசாகாவிலிருந்து வந்திருக்கிறான் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். ஒசாகாவில் வேலை பார்க்கும் தம்பி என்பது அம்மா தொடங்கி வைத்த பொய். நான் அதைக் குறையில்லாமல் காப்பாற்றி வந்தேன்.

மார்ச் முதல் வாரத்தில், கதவுக்கு அடியிலிருந்து ஒரு சீட்டு வந்தது. சூப்பர் மார்க்கெட் விளம்பரத்தாளின் பின்பக்கத்தில் எழுதியிருந்தான்.

"ஃபைபர் இன்டர்நெட் லைன் வேணும். கம்பி வழியா வீட்டுக்குள்ள வரணும். தாமதம் கம்மியா இருக்கணும். வேகத்தைக் காட்டி மயக்குவாங்க, மயங்காதே."

கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன்.

"டேய், இப்ப இருக்கிற லைனுக்கு என்ன?"

"டெலிபோன் கம்பியில வருது. சாயங்காலமானா செத்துப்போகுது."

"வேகமும் தாமதமும் ஒண்ணுதானே?"

"நீ 'சாப்பிட்டியா'ன்னு கேக்குறே. நான் பதில் சொல்றதுக்கு எவ்வளவு நேரம் ஆகுது? அதுதான் தாமதம்."

"மூணு நாள்."

"அதான் சொல்றேன். நம்ம வீட்டு லைன் மோசம்."

நான் சிரித்தேன். உள்ளே அவனும் சிரித்த மாதிரி இருந்தது. அன்றுதான் விஷயத்தைச் சொன்னான். அவன் இணையத்தில் ஆடும் சண்டை விளையாட்டில் மூன்று பேர் கொண்ட ஒரு அணி அவனைக் கூப்பிட்டிருந்தது. ஏப்ரல் முதல் வாரம் லீக் தொடங்குகிறது. கம்பி இணைப்பு கட்டாயம் என்பது அதன் விதி. மற்ற இருவரையும் அவன் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் ஏழு வருடங்களில் 'நீ வேணும்' என்று அவனிடம் சொன்னவர்கள் அவர்கள்தான்.

"லைன் போட ஆள் வருவாரு," என்றான். "டெலிபோன் பிளக் பக்கமாத்தான் கம்பி வரும். அது இந்த ரூம்லதான் இருக்கு."

"தெரியும்."

"அதனால..." என்று நிறுத்தினான். அவன் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஸ்டேஷன் பக்கத்து மின்சாதனக் கடையில் நிஷிகவா என்ற இளைஞர் உட்கார்ந்திருந்தார். சீட்டை அவரிடமே நீட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

"இதை எழுதினவர் எங்க கடைக்கு வேலைக்கு வருவாரா மேடம்? எனக்கே இவ்வளவு தெளிவாச் சொல்ல வராது. வேகம்னு சொல்லித்தான் நான் பத்துப் பேருக்கு வித்திருக்கேன்."

இதை ரியோஜியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: எதற்காக? சாதாரண உபயோகம், விளையாட்டு, வீட்டிலிருந்து வேலை. விளையாட்டு என்ற கட்டத்தில் குறியிட்டேன். எல்லோரும் வீடு மாறும் மாதம் என்பதால் தேதி கிடைப்பதே கஷ்டம் என்றார். யாரோ விட்டுக்கொடுத்த ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி கிடைத்தது. சீட்டில் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளினேன். "சரி" என்று அதே சீட்டு திரும்பி வந்தது.

அதற்கு முந்தைய புதன்கிழமை, வேலை முடிந்து படியேறும்போது முதல் மாடி குவபாரா அம்மா என்னை நிறுத்தினார். எங்கள் படிக்கட்டின் குப்பை முறையைப் பார்த்துக்கொள்வது அந்த வருடம் அவர் பொறுப்பு.

"சிஸுரு, இங்க வா. இந்தக் கூத்தைப் பாரு. ஏழு பை! புதன்கிழமை யாராவது குப்பை வைப்பாங்களா? அதுவும் ஒண்ணுலயும் பேர் எழுதலை."

குப்பை வைக்கும் இடத்தில் ஏழு பைகள். எல்லாவற்றிலும் எடுக்கமாட்டோம் என்ற நகராட்சியின் சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது.

"ஒசாகாத் தம்பி வந்து வீட்டைச் சுத்தம் பண்ணிக் குடுத்தானோன்னு நெனச்சேன்."

"அவன் எங்க வர்றாம்மா? எங்க வீட்டுது இல்ல. எனக்கு வாரத்துக்கு ஒரு பையே நிறையாது."

"அதானே. நீ குருவி மாதிரி கொறிக்கிற ஆளு. இது ஆனை தின்ன குப்பை."

பை பாதி ஊடுருவித் தெரியும் வகை. உள்ளே கறி நூடுல்ஸ் கோப்பைகளின் மஞ்சள் மூடிகள் தெரிந்தன. நான் பெட்டி பெட்டியாக வாங்கி அவன் கதவருகே வைப்பது அதே நூடுல்ஸ்தான். பார்த்தேன். ஊரெல்லாம் விற்பதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மாடி ஏறினேன். அவன் நாலு மாடி இறங்கி, அதுவும் ஏழு பைகளோடு, எத்தனை நடை போயிருப்பான் என்று நினைத்துப் பார்ப்பதைவிட அது சுலபமாக இருந்தது. அந்தப் பைகளில் கடைசியில் குவபாரா அம்மாவே தன் பெயரை எழுதி, குப்பை எடுக்கும் நாளான வெள்ளிக்கிழமை வைத்தார்.

வியாழக்கிழமை மதியம் லைன் போடும் அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

"பிளக் எந்த ரூம்ல இருக்குங்க?"

"தம்பி ரூம்ல."

"அவர் அப்ப வீட்டுல இருப்பாரா?"

"இல்ல. அவன் ஒசாகாவுல வேலை பாக்குறான்."

"அப்ப சரி. சுவர் பக்கத்துல ஒரு மீட்டர் இடம் விட்டு ரூமைத் திறந்து வச்சீங்கன்னா போதும். எங்க ஆள் உங்க பக்கத்து ஊர்க்காரர்தான், சீக்கிரம் முடிச்சிடுவார்."

போனை வைத்தேன். கதவு திறக்கும். உள்ளே நாற்றமும் குப்பையும் இருக்கும், ஒசாகாவில் இருப்பதாகச் சொன்ன மனிதன் இருப்பான். பக்கத்து ஊர்க்காரர் கருவிப்பையோடு படியிறங்கும்போது குவபாரா அம்மா வாசலில் நிற்பார். இவ்வளவும் என் கண் முன்னால் ஓடியது. ரியோஜிக்கு இது எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அவனுக்காகத்தான் பயப்படுகிறேன் என்று நம்பினேன். இப்போது அந்தக் காட்சியைத் திரும்ப ஓட்டிப் பார்த்தால், அதில் கூனிக்குறுகி நிற்பது நான் மட்டும்தான்.

சனிக்கிழமை மறுபடி கடைக்குப் போனேன்.

"ஆள் வராம, துளை போடாம எதாவது இருக்கா?"

நிஷிகவா ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது இருக்கு. கரண்ட்ல சொருகினா வேலை முடிஞ்சுது. செல்போன் டவர்ல இருந்து எடுத்துக்கும். ஆனா மேடம், அன்னைக்கு விளையாட்டுன்னு சொன்னீங்களே. இதுல தாமதம் கொஞ்சம் ஆடும். அந்தச் சீட்டு எழுதினவர் என்னைத் தேடி வந்து உதைப்பார்."

"இல்ல. சாதாரண உபயோகத்துக்குத்தான்."

"நிச்சயமா?"

"படம் பார்க்க, செய்தி படிக்க. அவ்வளவுதான்."

இம்முறை முதல் கட்டத்தில் குறியிட்டேன். செவ்வாய்க்கிழமைத் தேதியை என் கண் முன்னாலேயே ரத்து செய்தார். வரிசையில் நின்ற வேறு யாருக்கோ அது போயிருக்கும்.

அன்று மாலையே ரியோஜியிடம் சொல்ல நினைத்தேன். ஞாயிறன்றும் நினைத்தேன். திங்களன்று கதவுக்கு அடியிலிருந்து "நாளைக்குப் பத்து மணிதானே?" என்று சீட்டு வந்தது. நான் பதில் எழுதவில்லை. பெட்டியைச் சொருகி, அது வேலை செய்வதைக் காட்டிவிட்டால் கோபப்பட மாட்டான் என்று ஒரு கணக்குப் போட்டேன்.

செவ்வாயன்று அரைநாள் விடுப்பு. ஒன்பதே முக்காலுக்குச் சமையலறையில் பெட்டியைச் சொருகினேன். பச்சை விளக்கு எரிந்தது. பத்து மணிக்கு அழைப்பு மணி அடிக்கவில்லை. பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு, ரியோஜியின் கதவு திறந்தது.

முடியைத் தானே வெட்டியிருந்தான். காதுக்குப் பின்னால் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கியிருந்தது. இறுதிச் சடங்குக்குப் போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டன்வரை போட்டு. கால்களில் புது உறை. அவனுக்குப் பின்னால் அறை தெரிந்தது. தரை முழுதும் தெரிந்தது. ஜன்னல் திறந்திருந்தது. சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு பகுதி மட்டும் வெளுப்பாக இருந்தது. பிளக்குக்கு முன்னால் ஒரு மீட்டருக்கும் அதிகமாகவே இடம் விட்டு, வருபவருக்காக ஒரு சிறு மெத்தையும் போட்டிருந்தான். அதன் பக்கத்தில் தட்டில் இரண்டு காபி டின்கள்.

"வரலையா இன்னும்?" என்றான். அந்தக் குரலைக் கதவு இல்லாமல் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது!

அவன் என் முகத்தைப் பார்க்காமல், தட்டைப் பார்த்துச் சொன்னான்: "ஒண்ணு சூடு, ஒண்ணு குளிர்ச்சி. அவருக்கு எது பிடிக்கும்னு தெரியலை. கீழ மெஷின்ல வாங்கினேன். சூடு ஆறியிருக்கும்."

"ரியோஜி, அவர் வரமாட்டார்."

"லேட்டாகுமா?"

"நான் மாத்திட்டேன். ஆள் வராமலே வேலை செய்றது ஒண்ணு இருந்துது. உனக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

என் தோளுக்கு மேலாகச் சமையலறையில் எரிந்த பச்சை விளக்கைப் பார்த்தான். அது என்னவென்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தாமதம் எவ்வளவுன்னு கேட்டியா?"

"கேக்கலை."

"சரி."

குனிந்து இரண்டு டின்களையும் எடுத்துக் கதவுக்கு வெளியே வைத்தான். பிறகு கதவை மெதுவாக, பூட்டுகூடச் சத்தம் போடாமல் சாத்தினான். உள்ளே ஜன்னல் மூடப்படும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மதியமே கடைக்கு ஓடினேன். நிஷிகவா எதுவும் கேட்காமல் கணினியில் தேடினார். இருப்பதிலேயே சீக்கிரமான தேதி ஏப்ரல் கடைசியில்தான் இருந்தது.

அந்த நாளில் ஆள் வந்தார், என்னைவிட மூத்த, அமைதியான மனிதர். ரியோஜி கதவைத் திறக்கவில்லை. படிக்கட்டைப் பார்த்த வாசல் கதவு விரியத் திறந்திருக்க, குவபாரா அம்மா கீழ்ப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நான் உரக்கச் சொன்னேன்: "என் தம்பி உள்ளதான் இருக்கான். ஏழு வருஷமா இங்கதான் இருக்கான். கதவைத் திறக்கமாட்டான்."

அவர் தலையைச் சொறிந்தார். "அதுக்கென்னங்க? ஏசி குழாய் போற துளை வழியா ஹாலுக்கே கொண்டுவந்துடலாம். நெறையப் பேர் வீட்டுல அப்படித்தான். போன்லயே கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்களே."

அரை மணி நேரத்தில் முடித்தார். நீளமான கேபிள் ஒன்றைக் கதவுக்கு அடிவரை இழுத்து விட்டுவிட்டுப் போனார். அதன் முனை மூன்று நாள் வெளியிலேயே கிடந்தது. நாலாம் நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது உள்ளே போயிருந்தது.

அந்த அணி ரியோஜிக்குப் பதிலாகக் ககோஷிமாவைச் சேர்ந்த ஒரு பையனைச் சேர்த்துக்கொண்டது. ஒரு பருவம் ஆடிவிட்டுக் கலைந்துபோனது. நிஷிகவா கடையை விட்டுப் போய்விட்டார், எங்கே என்று தெரியாது. குவபாரா அம்மா இரண்டு வருடங்களுக்கு முன் மகள் வீட்டுக்குக் குடிபோனார். போகும்வரை, ஏழு பைகளைப் பற்றி என்னிடம் மறுபடி பேசவில்லை. நான் இன்னும் அதே பல் மருத்துவமனையில் இருக்கிறேன். ரியோஜிக்கு முப்பத்தாறு வயது. அதே அறையில் இருக்கிறான், தினமும் ஆடுகிறான், லைன் அறுபடுவதில்லை. கதவு வழியாகப் பேசிக்கொள்கிறோம். அந்த அறைக்குள் அதன் பிறகு யாரும் போகவில்லை.