செட்டிபாளையத்துக்கு வந்த கியர்பொக்ஸ்

நிதுர்ஷன் தன் லான்சர் காரை விற்றது மே மாதம் ஐந்தாம் திகதி, திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. விற்ற காரணத்தில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. தங்கை தனுஷியாவுக்குக் கட்டத் தொடங்கிய வீடு சுவரோடு நின்றுபோயிருந்தது. பெண்ணுக்கு வீடு நிமிராமல் கல்யாணப் பேச்சு நகராது; தகப்பன் இல்லாத குடும்பத்தில் அது அண்ணன் பாடு. ஜூன் முதல் வாரத்தில் கூரை ஏறியது. அவன் ஒரு வார்த்தை முனகவில்லை.

ஒளித்தது ஒரேயொரு இடத்தில்தான்.

ஞாயிறு தோறும் காலை ஆறரைக்குக் கல்லடிக் கடற்கரையில் ஐந்து கார்கள் கூடும். எல்லாம் டேர்போ பூட்டியவை, அல்லது டேர்போ பூட்டியவற்றைத் தோற்கடிக்கும் என்று சொந்தக்காரர்களால் நம்பப்படுபவை. ஆறு செக்கனில் நூறைத் தொடும் என்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. தொட்டுப் பார்க்கத்தான் இடமில்லை. வீதியில் மாடு படுத்திருக்கும். மாடு இல்லாத இடத்தில் பொலிஸ் நிற்கும். ஆகவே நாற்பதில் ஊர்ந்து வந்து, கடலைப் பார்த்து வரிசையாக நிறுத்தி, பொனட்டைத் திறந்துவைத்துக்கொண்டு பிளேன்டீ குடிப்பார்கள். உப்புக்காற்று என்ஜினுக்குக் கூடாது என்பதால் பத்து நிமிடத்தில் பொனட்டை மூடிவிடுவார்கள். மற்ற நேரமெல்லாம் பேச்சுத்தான்.

கூட்டிச் சேர்ப்பவர் காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கும் சாலிஹ். சிவிக் கார்க்காரர். வயது நாற்பத்தாறு, எல்லோருக்கும் அண்ணன் முறையில் நானா. வட்ஸ்அப் குழுவும் அவருடையதுதான். அதன் முகப்பில் எழுதிவைத்திருப்பது ஒரே வரி: கார் உள்ளவர்கள் மட்டும். ஓட்டமாவடி மின்ஹாஜ் தன் ஸ்டார்லட் காரை விற்ற அன்று பின்னேரமே சாலிஹ், ‘இதுவரை தந்த ஒத்துழைப்புக்கு நன்றி’ என்று ஒரு செய்தி போட்டு அவரைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார். கோபதாபம் எதுவும் கிடையாது. அடுத்த மாதம் மின்ஹாஜின் மகள் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டும் வந்தார். குழுவில் மட்டும் இடமில்லை.

நிதுர்ஷன் பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். கிழமை முழுக்க வடிகான், மதகு, வீதி விளக்கு. ஞாயிற்றுக்கிழமையில் அந்த ஒன்றரை மணித்தியாலம் இல்லாவிட்டால் வேறு என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை.

அதனால் அடுத்த ஞாயிறு மோட்டார் சைக்கிளில் போனான்.

"வண்டி எங்க?" என்றார் சாலிஹ்.

"செக்கன்ட் கியர் விழுதில்ல நானா."

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பக்கத்தில் றிஸ்கான் நின்றான். ஏறாவூரில் குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறவன், சுபாரு வைத்திருக்கிறான், எந்த வண்டியின் சத்தத்தையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான்.

"சத்தம் இரிக்கா மச்சான்?"

"ஓம். கிளச்ச விட்டா வருது. மிதிச்சா நிக்குது."

பொய்யென்றாலும் பழுதைப் பிழையாகச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. றிஸ்கான் தேநீரைக் கீழே வைத்தான். "அது பெயாரிங்," என்றான், வைத்தியர் வீட்டாரிடம் சொல்கிற குரலில்.

மறு ஞாயிறு, சூடேறினால் சத்தம் கூடுகிறது என்று நிதுர்ஷன் சொல்லவேண்டி வந்தது. அதற்கடுத்த ஞாயிறு, ஒயிலில் இரும்புத் தூள் கண்டதாகச் சொன்னான். யாரும் அவனை நெருக்கவில்லை. கேள்விகள் அவ்வளவு அக்கறையாக இருந்தன. பதில்களையும் அதே தரத்தில் கொடுக்க வேண்டியிருந்தது. அவன் இல்லாத நேரத்தில் மற்ற நால்வரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்.

ஜூன் பதினைந்தாம் திகதி ஞாயிறு காலை, கல்லடிக்குப் போக அவன் செட்டிபாளையம் வீட்டில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது, குருக்கள்மடம் பக்கமிருந்து சுபாருவின் சத்தம் கேட்டது. பின்னால் சிவிக். இரண்டும் அவன் படலையடியில் நின்றன.

சுபாருவின் டிக்கியில், சாக்கு விரித்து, ஒரு கியர்பொக்ஸ் கிடந்தது.

"கொழும்பில, பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையில கிடைச்சிது," என்றான் றிஸ்கான். "ஒரு மாசமாத் தேடினன். இந்த மொடலுக்கு நாட்டிலயே நாலு தேறாது. வா, ஒரு பக்கம் பிடி."

பிடித்தான். கனமான பொருளை ஒருவர் பிடிக்கச் சொன்னால் பிடிக்கத்தான் வேண்டும். இருவருமாகத் தூக்கிக்கொண்டு வளவைச் சுற்றிப் பின்பக்கம் போனார்கள். சாலிஹ் காரைத் தூக்கும் ஜக்கையும் திருகாணி கழற்றும் சாவிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு முன்னால் போய் ஷெட்டின் தகரக் கதவைத் திறந்தார். உள்ளே சீமெந்துத் தரை இருந்தது. ஒரு விளக்குமாறும் இருந்தது.

"வண்டி கராஜுக்குப் போயிட்டுதா?" என்றார்.

கிணற்றடியில் நின்ற தனுஷியா வாளியைக் கீழே வைத்தாள்.

"கார்தான் மேல கிடக்கே," என்றாள், பக்கத்தில் எழும்பியிருந்த தன் வீட்டின் புதுக் கூரையைக் காட்டி.

மூவரும் கூரையைப் பார்த்தார்கள். நல்ல கூரைதான்.

"எப்ப?" என்றார் சாலிஹ்.

"மே அஞ்சு."

கியர்பொக்ஸை மெதுவாக இறக்கி வைத்தார்கள். றிஸ்கான் கையைச் சாக்கில் துடைத்தான், திரும்பவும் துடைத்தான்.

"அப்ப அந்தச் சத்தம்?"

"அப்பிடி ஒண்டும் இல்ல மச்சான்."

"கிளச்ச விட்டா வாறது?"

"இல்ல."

"ஒயில்ல தூள்?"

"அதுவும் இல்ல. கியர் நல்லா விழும்."

கார் விற்றதை றிஸ்கான் பொறுத்திருப்பான். அந்தச் சத்தத்தை மனதுக்குள் வைத்து ஒரு மாதம் நித்திரை கெட்டதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "ஒண்டுமில்லாததுக்கா நான் கொழும்புக்குப் போன?" என்றான். வேப்பமரத்தடியில் போய்க் குந்திக்கொண்டான்.

சாலிஹ் கைப்பேசியை வெளியே எடுத்தார். நிதுர்ஷன் அதைப் பார்த்தபடி நின்றான். எப்படி எழுதுவார் என்று தெரியும். மின்ஹாஜுக்குப் போட்டதை அப்படியே பிரதி பண்ணினாலும் போதும். தலையைக் குனிந்துகொண்டான்.

சாலிஹ் எழுதவில்லை. கைப்பேசியின் விளக்கைப் போட்டு ஷெட்டுக்குள் அடித்துப் பார்த்தார். உள்ளே போய், அடியோடு அடி வைத்து அகலத்தை அளந்தார். நீளத்தை அளந்தார். காலால் தரையைத் தட்டினார்.

"தரை ஆரு போட்ட?"

"நான்தான்."

"மட்டம் பாத்தா போட்ட?"

"மட்டம் பாக்காம ஆரும் போடுவானா நானா?" என்றான் நிதுர்ஷன், கொஞ்சம் ரோசத்தோடு.

சாலிஹ் திரும்பி, தூரத்தில் நின்ற தன் சிவிக்கைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்.

"ரெண்டு மாசமா எனக்குக் கிளச் நழுவுது. ஆருக்கும் சொல்லல்ல. பிளேட் வாங்கி டிக்கிக்குள்ளதான் கிடக்கு. கழட்ட இடமில்ல. எங்கட ஷெட்டுக்க முழுக்கப் புடவை மூட்டை. மழைக்குள்ளயும் மணலுக்குள்ளயும் வெச்சிக் கழட்டேலா. கராஜில குடுத்தா கண்டவனும் ஓடிப் பாப்பான்."

இதைக் கேட்டு வேப்பமரத்தடியிலிருந்து றிஸ்கான் தலையைத் திருப்பினான். "நழுவுறது எனக்குப் போன மாசமே தெரியும்," என்றான். "மரியாதைக்குச் சொல்லல்ல." பிறகு, "அப்ப சட்டம், நானா? மின்ஹாஜ எடுத்தீங்களே?"

"மின்ஹாஜிட்ட ஷெட் இருந்திச்சா?"

றிஸ்கான் யோசித்தான். "இல்ல."

"இவன எடுத்தா ஷெட்டும் போகும். பேசாம வந்து ஜக்கப் பிடி."

சிவிக் உள்ளே போனது. நிதுர்ஷன் சப்பாத்தைக் கழற்றி, சாரனைக் கட்டிக்கொண்டு, முதுகின் கீழ் ஒரு மட்டையைப் போட்டு அடியில் புகுந்தான். இரண்டு திருகாணிகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. சொந்தக்காரர் பார்க்கக் கூடாத காட்சி என்பதால் சாலிஹ் வெளியே போய் நின்று மற்ற இருவருக்கும் செய்தி எழுதினார்: ‘இன்று செட்டிபாளையம். கிளச் வேலை. சாரனோடு வரலாம்.’

தனுஷியா படலையை எட்டிப் பார்த்தாள். வீதியில் மூன்றாவது காரின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணா, எத்தின பேருக்கு உலை வெக்கிற?"

"அஞ்சு," என்றது காரின் அடியிலிருந்து குரல்.

றிஸ்கான் குனிந்து, கேட்காமலே பதினான்காம் நம்பர் சாவியை உள்ளே நீட்டினான்.