தூக்கிக் கட்டிய ஜீப்

ஆடிக் கிருத்திகை முடிந்த மூன்றாம் நாள் கஜபதி ஜீப்பைக் கவிழ்த்தான். காவடிக் கூட்டம் கலைந்து திருத்தணி மலைப்பாதை காலியாகக் கிடந்த மத்தியானம் அது. மேலே பூ மூட்டைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தான். இரண்டாவது வளைவில் வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்தது நிமிரவில்லை. கைப்பிடிச் சுவரில் மோதிப் படுத்துக்கொண்டது. கால் பெடல்களுக்கு நடுவில் மாட்டி, இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது. தொடைவரை மாவுக்கட்டு போட்டு, மூன்று மாதம் தரையில் ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பட்டாளத்தில் கழித்துவிட்டு ஏலம் போட்ட ஜீப் அது. வாங்கி வந்த கையோடு கஜபதி அதை உயர்த்திக் கட்டினான். சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங் கட்டில் பக்கத்துக்கு இரண்டு லாரிப் பட்டைகளைக் கூடுதலாகச் சொருகி, பெரிய டயர் மாட்டினான். அடிவயிறு தரையில் தட்டாமல் பாறைமேல் ஏறும். கரட்டு ஓரத்துக் குக்கிராமங்களில் மாட்டு வண்டி போகாத இடத்துக்கெல்லாம் அது போனது. ஊரில் அதற்கு ஒட்டகம் என்று பெயர்.

கவிழ்ந்தபிறகு யாரும் அதை ஒட்டகம் என்று சொல்லவில்லை. சாவு வண்டி என்றார்கள். கஜபதியின் அண்ணன் வீராசாமி ரயில்வே கேட் பக்கத்திலிருந்த அவர்கள் வீட்டுக்கு வந்து, பழைய இரும்புக்காரனிடம் பேசிவிட்டதாகச் சொன்னான்.

"ஸ்டேரிங் கையில நிக்கலன்னு தம்பியே சொல்றான். இன்னும் அத்த வெச்சிகினு இன்னா பண்ணப்போற அம்சா?"

"நான் ஓட்டறேன் மாமா," என்றாள் அம்சா.

வீராசாமி தம்பியைப் பார்த்தான். கஜபதி சுவரைப் பார்த்தான். அம்சாவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. ஏரிக்குள்ளே தண்ணீர் இல்லாத நாட்களில் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து நாலைந்து தடவை ஓட்டியிருக்கிறாள். அவ்வளவுதான்.

"பொம்பள ஓட்டற வண்டியில எவன் ஏறுவான்?"

"ஏறாட்டி போறாங்க. மூட்ட ஏத்திக்கறேன். மூட்ட ஒண்ணும் சொல்லாது."

வண்டி அப்போது சடகோபனின் பட்டறையில் இருந்தது. அவள் வயதுக்காரனான சடகோபன் கஜபதியின் சினேகிதன். வண்டியை உயர்த்திக் கட்டிக் கொடுத்தவனும் அவன்தான். அதனாலேயே அம்சா வந்து நின்றபோது அவன் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுண்ணா. ஏன் சாய்ஞ்சிது?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டு பட்டறை மூலையைக் காட்டினான். அங்கே வளைந்த இரும்புக் கம்பி ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது.

"ஸ்டெபிலைசர். பட்டாளத்துலயே மாட்டியிருந்தாங்க. ரெண்டு பக்கத்துச் சக்கரத்தயும் சேத்துப் பிடிச்சிகினு இருக்கும். வண்டி ஒரு பக்கமா சாயப் பாத்தா இது வுடாது. உசரமா கட்டினப்புறம் அதோட கை எட்டல. கழட்டிட்டோம்."

"இப்ப கை நீளமா பண்ணி மாட்ட முடியாதா?"

"மாட்டலாம். மாட்டினா ஒரு சக்கரம் பள்ளத்துல எறங்கும்போது இன்னொண்ணு அத்த எறங்க வுடாது. அந்தரத்துல சுத்தும். பாற மேல ஏறாது. அப்புறம் ஒட்டகம் எதுக்கு?"

அம்சா கீழே குனிந்து வண்டியின் அடிப்பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்ப சாயறது இதோட கொணம்."

"ஆங். ரோட்டுல கொஞ்சம் பாத்துதான் போவணும்."

"கம்பி வேணாம். நான் பாத்தே போறேன்."

ஓட்டிப் பழக எல்.எல்.ஆர் வாங்கி, முன்னும் பின்னும் சிவப்பில் 'எல்' எழுதிய தகரத்தைக் கட்டினாள். லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் தினமும் காலையில் சடகோபனும் அம்சாவும் கஜபதியைத் தூக்கி இடப்பக்க இருக்கையில் உட்காரவைத்து, மாவுக்கட்டுக் காலைத் தலையணைமேல் நீட்டிவிடுவார்கள். அவனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் வந்தான்.

முதலில் காய்ந்த ஏரி. பிறகு ரயில்வே கேட்டிலிருந்து கனகம்மாசத்திரம் வரைக்கும் தார் ரோடு. ஸ்டியரிங்கைத் திருப்பினாலே வண்டி சாயும். மேலே உட்கார்ந்திருப்பவரை ரோட்டில் கொட்டிவிடும்போல ஒரு பக்கம் இறங்கும். ஆனால் நாலு நாளில் அவளுக்கு ஒன்று தெரிந்தது. சாய்வதற்கு ஓர் அளவு இருந்தது. ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்பினால் வண்டியும் மெதுவாகச் சாய்ந்து, ஓர் இடத்தில் உட்கார்ந்து, அப்படியே வளைவைக் கடந்துவிடும். வெடுக்கென்று திருப்பினால்தான் அந்த இடத்தைத் தாண்டிப் போகப் பார்க்கும்.

செப்டம்பர் கடைசியில் மலைப்பாதைக்கு வண்டியைத் திருப்பினாள். மேலே போய்த் திரும்பி இறங்கினார்கள். இரண்டாவது வளைவு வருவதற்கு முன்பே அவள் இரண்டாவது கியருக்கு மாற்றி, வண்டியை நடக்கவிட்டாள். மோதிய இடத்தில் சுவரின் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது.

"ஸ்டேரிங்ல ஒண்ணுமில்ல," என்றான் கஜபதி.

அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேகமா வந்தேன். எதுக்க கார் வந்துது. வளைவுக்குள்ள பிரேக்க மிதிச்சேன். அப்படியே ஒடிச்சேன். எல்லாம் நான் பண்ணதுதான்."

"தெரியும்," என்றாள் அம்சா. "சடகோபண்ணன் ஸ்டேரிங்க பிரிச்சிப் பாத்துச்சி."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"நீங்க சொல்லுவீங்கன்னுதான்."

அக்டோபர் இரண்டாம் வாரம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் திங்கட்கிழமை. அன்றைக்குப் பத்து மணிக்குத் திருத்தணியில் பத்தாம் வகுப்புத் தவறியவர்களுக்கான கணக்குப் பரீட்சை. அம்சாவின் தங்கை மனோரமா மார்ச்சில் கணக்கில் தவறியிருந்தாள். அம்சாவின் தாய்வீட்டு ஊரான அம்மையார்குப்பத்தில் அவளோடு தறிக்கார வீட்டுப் பெண்கள் இன்னும் நாலு பேர் தவறியிருந்தார்கள். ஐந்து பேரும் ஆறு மாதமாகத் தறிக்கு நூலைத் தார் சுற்றிக்கொண்டே படித்தவர்கள். இந்தத் தடவையும் தவறினால் புத்தகத்தைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட வேண்டியதுதான் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

காலை ஆறு மணிக்கே பஸ் ஸ்டாண்டில் சேதி வந்துவிட்டது. அம்மையார்குப்பம் வழியில் தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் போகிறது, அந்தப் பக்கத்து பஸ் எதுவும் வராது. பால் வாங்கப் போன அம்சா, பாலை வாங்காமல் திரும்பினாள்.

"பொண்ணுங்க அங்க மாட்டிகினு இருக்கும். போலாம்."

"தரைப்பாலத்துல வண்டி அடிச்சிகினு போயிடும் அம்சா."

"பாலத்துல போவல. கரட்டுப் பாதையில சுத்திப் போலாம். மேல ஓடை சின்னது. நீங்கதான் போயிருக்கீங்களே."

"நான் ரெண்டு காலோட போனேன்."

"வழி சொல்றதுக்கு வாயி போதும்."

சடகோபனை எழுப்பி வந்தாள். கஜபதியைத் தூக்கி வைத்தார்கள். மாவுக்கட்டின்மேல் உரச்சாக்கை உறைபோலக் கட்டினாள். ஆறே முக்காலுக்கு அம்சாவும் கஜபதியும் கிளம்பினார்கள்.

கரட்டுப் பாதை பாதி பாறை, பாதி செம்மண் சேறு. ஒரு சக்கரம் முழங்கால் ஆழப் பள்ளத்தில் இறங்க, எதிர்ச் சக்கரம் பாறைமேல் ஏறியது. வண்டி முறுக்கிக்கொண்டு போனதே தவிர, நாலு சக்கரமும் மண்ணை விடவில்லை. இங்கே இதைவிட நல்ல வண்டி கிடையாது என்று அம்சாவுக்குத் தோன்றியது. கஜபதி இடப்பக்கம் கம்பியைப் பிடித்தபடி வழி சொல்லிக்கொண்டே வந்தான். வலியில் அவன் உதடு வெளுத்திருந்தது.

ஓடை சின்னதாக இல்லை. முப்பதடி அகலத்துக்குக் கலங்கல் ஓடியது. அம்சா புடவையைச் செருகிக்கொண்டு இறங்கி, கையில் கழியோடு அக்கரைவரைக்கும் நடந்து பார்த்தாள். தொடைவரை வந்தது, அடியில் கல்தரை. திரும்பி வந்து பானெட்டைத் திறந்தாள்.

"ஃபேன் பெல்ட்ட கழட்டு," என்றான் கஜபதி. "இல்லன்னா ஃபேன் தண்ணிய வாரி இஞ்சின்மேல அடிக்கும். நின்னுடும்."

கழற்றினாள். முதல் கியரில் போட்டு, நாலு சக்கரத்துக்கும் ஓட்டம் கொடுத்து, ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் மிதித்தபடி தண்ணீரில் இறங்கினாள். நடு ஓடையில் வண்டி நீரோட்டப் பக்கமாகச் சாய்ந்தது. கஜபதிக்குக் கீழே தண்ணீர் ஏறி வந்து சாக்கை நனைத்தது. அவன் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டான். முன் சக்கரம் கரையைக் கவ்வியது.

அம்மையார்குப்பத்தில் ஐந்து பெண்களும் பஸ் நிறுத்தத்திலேயே நின்றிருந்தார்கள். ஹால் டிக்கெட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தார்கள். மனோரமாவின் கண் சிவந்திருந்தது. மணி எட்டே கால்.

"யக்கா, பாவாவ ஏன் கூட்டினு வந்த?" என்றாள் மனோரமா, அக்கா புருஷனின் மாவுக்கட்டைப் பார்த்து.

"லைசென்ஸு அவர்கிட்டதான் கீது. ஏறுங்க. சீட்டுல யாரும் உக்காரக்கூடாது. கீழ தரையில உக்காருங்க, ஒட்டி. வெயிட்டு கீழ இருக்கணும். வண்டி சாயும். சாய்ஞ்சா யாரும் எழுந்திருக்கக்கூடாது, ஒரு பக்கமா நகரக்கூடாது. நான் சொல்ற வரைக்கும் தலய தூக்காதீங்க."

ஓடையைத் திரும்பக் கடந்தபோது தண்ணீர் ஒரு சாண் ஏறியிருந்தது. அம்மு என்ற பெண் கண்ணை மூடிக்கொண்டு வாய்ப்பாடு மாதிரி சூத்திரம் சொல்ல ஆரம்பித்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அக்கரை ஏறி, பெல்ட்டைத் திரும்ப மாட்டி, பாறைப் பாதையைத் தாண்டித் தார் ரோட்டைத் தொட்டபோது ஒன்பதே முக்கால். அரை மணி நேரத்துக்குமேல் தாமதமானால் உள்ளே விடமாட்டார்கள். இன்னும் பதினைந்து மைல் போக வேண்டும்.

"மிதி," என்றான் கஜபதி.

"நேர் ரோட்டுல மிதிக்கறேன்."

மிதித்தாள். நேரான இடத்தில் ஒட்டகம் நடுங்கிக்கொண்டு பறந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் நூறடி முன்னாலேயே காலை எடுத்து, கியரைக் குறைத்து, சாயவிட்டு, உட்காரவிட்டு, வெளியே வந்தபிறகே மறுபடி மிதித்தாள். கஜபதி கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தான். அம்மு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். மலை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

ஊருக்கு மூன்று மைல் இருக்கும்போது, வலப்பக்கம் திரும்பும் வளைவில் எதிரே மரம் ஏற்றிய லாரி ஒன்று பாதி ரோட்டைத் தாண்டி வந்தது.

"பிரேக்கு. அம்சா, பிரேக்கு," என்றான் கஜபதி. அவனுடைய நல்ல கால் தரையை உதைத்தது.

அம்சாவின் கால் பெடலுக்குப் போனது. மேலே நின்றது. மிதிக்கவில்லை. வண்டி ஏற்கனவே இடப்பக்கமாக முழுசாகச் சாய்ந்திருந்தது. அவள் ஸ்டியரிங்கை ஒடிக்காமல், விரலளவு மட்டும் விட்டுக்கொடுத்தாள். இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் தார் விளிம்பை விட்டுச் சேற்றில் இறங்கின. வண்டி இன்னும் சாய்ந்தது. பின்னால் ஐந்து பெண்களும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து இடப்பக்கத் தகரத்தில் போய் முட்டினார்கள். யாரும் கத்தவில்லை. லாரியின் மரக்கட்டைகள் அம்சாவின் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளிப் போயின. அவள் ஸ்டியரிங்கை அதே இடத்தில் பிடித்திருந்தாள். வலப்பக்கச் சக்கரங்கள் தரையை விட்டுவிட்டதுபோல ஒரு நொடி லேசாக ஆயிற்று. பிறகு கனம் திரும்பி வந்தது. சேற்றிலிருந்து மெல்ல மெல்ல ரோட்டுக்கு ஏறினாள். வண்டி நிமிர்ந்து, அந்தப் பக்கம் ஒருமுறை ஆடி, அடங்கியது.

அவள் நிறுத்தவில்லை.

"எல்லாம் இருக்கீங்களா?" என்றாள், திரும்பாமல்.

"இருக்கோம்க்கா," என்றாள் மனோரமா. "அம்முக்கு நெத்தியில வீங்கியிருக்கு."

"கை நல்லா கீதா?"

"ஆங்."

"அது போதும்."

பள்ளிக்கூட வாசலில் நின்றபோது பத்து மணி இருபத்திரண்டு நிமிஷம். பெண்கள் சேறும் ஈரமுமாகக் குதித்து ஓடினார்கள். கதவருகே நின்ற வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், வெளியே நின்ற வண்டியைப் பார்த்தார். வழிவிட்டார்.

அதன்பிறகுதான் அம்சா இஞ்சினை நிறுத்தினாள். கஜபதி தன் கையை அவள் கைமேல் வைத்தான்.

"நானா இருந்தா மிதிச்சிருப்பேன்," என்றான்.

"நீங்க சொன்னப்ப நானும் மிதிக்கத்தான் போனேன்."

அவள் ஸ்டியரிங்மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எதிர்க் கடையில் இரண்டு டீ வாங்கி வந்தாள்.

கணக்கில் இரண்டாம் தாள் மறுநாள். தரைப்பாலத்தில் இன்னும் தண்ணீர் போய்க்கொண்டிருந்ததால் ஐந்து பெண்களும் அன்றிரவு ரயில்வே கேட் வீட்டிலேயே தங்கினார்கள். வீராசாமி அரிசி மூட்டை ஒன்றைத் தோளில் சுமந்து வந்து இறக்கி வைத்துவிட்டுப் போனான். நனைந்த மாவுக்கட்டு ஊறி விரிசல் விட்டுவிட்டது. டாக்டர் கஜபதியைத் திட்டித் தீர்த்து, அதைப் பிரித்துப் புதிதாகக் கட்டினார். கூடுதலாக ஒரு மாதம் படுக்க வேண்டியதாயிற்று.

ஐந்து பேரில் மூன்று பேர் தேறினார்கள். வீங்கிய நெற்றியோடு எழுதிய அம்முவுக்குத்தான் அதிக மார்க். மனோரமாவுக்கு நாலு மார்க் குறைந்துபோயிற்று. இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். மூன்றாம் நாள் அம்முவிடமே கணக்குக் கேட்கப் போனாள். அடுத்த மார்ச்சில் தேறினாள்.

அம்சாவுக்கு டிசம்பரில் லைசென்ஸ் கிடைத்தது. சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்டர் வண்டியில் ஏற முடியாமல் முக்காலி கேட்டார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் கரட்டு ஓரத்துக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்து கூப்பிட ஆரம்பித்தார்கள். கஜபதி வீட்டில் இருக்கிறானா என்று அவர்கள் கேட்கவில்லை. அம்சா எப்போது வருவாள் என்று கேட்டார்கள்.