துப்புகிறவரின் கல்லீரல்

1

இந்தக் கதை ஒரு மருத்துவரின் சிரிப்பில் பிறந்தது. என் தோழி ஹதகேயாமா, ஜப்பானின் அகிதாவில் வயிற்று நோய் மருத்துவர். புகையூட்டிய முள்ளங்கி ஊறுகாயைக் கடித்தபடி, "வயித்துல வந்த புத்துநோய் ஒண்ணு கல்லீரல் மாதிரி வேஷம் போட்டுச்சுடி. நோயாளி அதைவிடப் பெரிய வேஷக்காரர்" என்றாள்.

முதல் தொடக்கம்: 'பனி பெய்துகொண்டிருந்த ஒரு' (வேண்டாம். இங்கே எப்போதும் பெய்கிறது.)

2

சுகவாரா, சாகே என்னும் அரிசி மது ஆலையின் தலைமை வடிப்பாளர். கல்லீரலில் கட்டிகள். கல்லீரல் புற்றில் இரத்தத்தில் எகிறும் ஒரு புரதத்தின் அளவு அவருக்கும் எகிறியிருந்தது. ஆலை ஆட்கள் கட்டிலைச் சுற்றி நிற்கையில் தோழி கேட்டாள்:

"தினம் எவ்வளவு குடிப்பீங்க, ஐயா?"

"அதை ஏன் கேக்கறீங்க! பெரிய போத்தல் ஒண்ணு, குறையாது."

"எங்க தலைவரு தொழிலுக்குக் கல்லீரலையே குடுத்தவரு" என்றான் ஒருவன், பெருமையாக.

எல்லாம் பொருந்திவிட்டது. [பொருந்துகிற கதையை நான் நம்புவதில்லை. தோழி நம்பினாள், கல்லீரலுக்கான சிகிச்சையை அங்கேயே விளக்க ஆரம்பித்தாள்.]

3

அவர் மனைவி கிமியோ. இவளிடம்தான் தடுமாறுகிறேன். ஆட்கள் போகும்வரை இவளைக் காத்திருக்க வைத்து எழுதினேன், அந்த வரியை அடித்துவிட்டேன். அவர்கள் முன்னாலேயே பேசுகிறாள்:

"டாக்டரம்மா, இவரு குடிக்கவே மாட்டாரு. ருசி பாத்துட்டுத் துப்பிடுவாரு. ஒரு கிண்ணம் உள்ள போனா மூஞ்சி சிவந்து தூங்கிடுவாரு."

"வாயை மூடு, கிமியோ!"

"நான் மூடினா, இல்லாத நோவுக்கு மருந்து குடுத்துருவாங்க. பரவால்லையா?"

அவள் அன்பினால்தான் அப்படி

இத்தனை வருடப் புகைச்சலில் அவள்

இரண்டையும் முடிக்க முடியவில்லை. எனக்கும் கணவர் உண்டு.

4

குடிப்பவரில்லை, காமாலைக் கிருமியும் இல்லை, கட்டிகள் தவிர மற்றக் கல்லீரல் வழவழவென்றிருக்கிறது. சந்தேகம் வந்து, தோழி வயிற்றுக்குள் கேமராக் குழாய் விட்டாள். அங்கே ஒரு புண். கிள்ளியெடுத்த துணுக்கில் கல்லீரல் செல்கள் போன்றவையே தெரிந்தன. ஆனால் ஓரத்தில் இரைப்பைப் புற்றின் சுரப்பிகள், மெல்ல மெல்ல அந்த வேடத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. ஒப்பனை அறையிலேயே பிடிபட்டுவிட்டது. பிறந்த இடம் வயிறு, கல்லீரலுக்குப் பரவியிருக்கிறது. சிகிச்சையை மாற்றினார்கள். [பிழைப்பாரா என்று கேட்காதீர்கள். தோழிக்கே தெரியாது.]

5

முடிவு ஒன்று: ஆட்கள் அவரை மதிப்பதை நிறுத்துகிறார்கள். (எழுதிப் பார்த்தேன். அந்த ஆட்கள் ஒத்துக்கொள்ளவில்லை.)

முடிவு இரண்டு: இந்த ஆண்டின் முதல் வடிப்போடு வருகிறார்கள். கூடவே, சிரிக்காமல், ஒரு எச்சில் படிக்கமும்.

"தலைவரே, நீங்க சரின்னு சொன்னாத்தான் வெளிய அனுப்புவோம்."

அவர் வாயில் ஊற்றிக் கண்ணை மூடுகிறார். கிமியோ படிக்கத்தை நீட்டுகிறாள். இனி யாரிடமும் நடிக்க வேண்டியதில்லை. விழுங்கினால் அது அவர் தனக்காகக் குடிக்கும் முதல் குடி.

கன்னம் இன்னும் உப்பியிருக்கிறது. நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

விழுங்குவதா, துப்புவதா? இனி அது உங்கள் வாய்.